பெற்றோருக்கு ஏ, பிள்ளைக்கு ஓ: மரபுப் பண்புகள் வந்து சேரும் வழி

தாய்க்கு ரத்தப் பிரிவு ஏ. தந்தைக்கும் ஏ. பிறந்த குழந்தைக்கோ ஓ. மூன்று பரிசோதனைச் சீட்டுகளையும் அருகருகே வைத்துப் பார்த்து மனம் கலங்கிய குடும்பங்கள் உலகெங்கும் உண்டு. ஆய்வகத்தில் தவறு நடந்துவிட்டதா, மருத்துவமனையில் குழந்தை மாறிவிட்டதா என்ற கேள்விகள் எழும். சில வீடுகளில் அதைவிடக் கொடிய சந்தேகமும் எழும். உண்மையில் இதில் கலங்குவதற்கு எதுவும் இல்லை. ஏ பிரிவுப் பெற்றோருக்கு ஓ பிரிவுக் குழந்தை பிறப்பது மரபியலின் முதல் பாடத்திலேயே வரும் சாதாரண நிகழ்வு. அது ஏன் என்று பொறுமையாகப் புரிந்துகொண்டால், பாட்டியின் ஜாடை பேத்திக்கு எப்படி வந்தது, சில நோய்கள் ஏன் ஒரு தலைமுறையைத் தாண்டி வருகின்றன, ஒரே வயிற்றில் பிறந்த இருவர் ஏன் இவ்வளவு வேறுபடுகிறார்கள் என்பதற்கெல்லாம் அதே வழியில் விடை கிடைக்கும்.

ஒன்றை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். பெற்றோரிடமிருந்து நமக்கு மூக்கோ கண்ணோ நிறமோ நேரடியாக வருவதில்லை. அவற்றை உருவாக்குவதற்கான குறிப்புகள்தான் வருகின்றன. குறிப்புக்கும் மூக்குக்கும் நடுவே நீண்ட தூரம் இருக்கிறது. மரபைப் பற்றிய குழப்பங்களில் பெரும்பாலானவை இந்த நடுத்தூரத்தைக் கவனிக்காமல் விடுவதால் வருபவை.

குறிப்பு எங்கே இருக்கிறது?

ஒரு வளர்ந்த மனிதரின் உடலில் ஏறத்தாழ 30 லட்சம் கோடி செல்கள் இருக்கின்றன. முதிர்ந்த சிவப்பணுக்கள் போன்ற சிலவற்றைத் தவிர, ஒவ்வொரு செல்லுக்குள்ளும் உட்கரு என்ற சிறு அறை உண்டு. அதற்குள் டிஎன்ஏ என்ற மிக மெல்லிய இழை சுருட்டி வைக்கப்பட்டிருக்கிறது. ஒரே ஒரு செல்லில் உள்ள இழைகளை நீட்டி முனையோடு முனை வைத்தால் சுமார் 2 மீட்டர் நீளம் வரும். அது 46 துண்டுகளாக இருக்கிறது. இந்தத் துண்டுகள்தான் குரோமோசோம்கள். தாயிடமிருந்து 23, தந்தையிடமிருந்து 23 என்று ஜோடி ஜோடியாக அமைந்தவை.

46 என்ற எண்ணை இன்று பள்ளி மாணவர்களே ஒப்பிப்பார்கள். ஆனால் முப்பது ஆண்டுகளுக்கும் மேலாக உயிரியலாளர்கள் அதை 48 என்றுதான் நம்பிக்கொண்டிருந்தார்கள். ஸ்வீடனின் லுண்ட் நகரில் ஜோ ஹின் ட்ஜியோ, ஆல்பர்ட் லெவான் இருவரும் செல்களைத் தெளிவாகப் பரப்பிப் படமெடுத்து, 46தான் என்று 1956இல் அறிவித்த பிறகே கணக்கு நேரானது. எண்ணிப் பார்க்கக்கூடிய ஒன்றைக்கூடப் பழைய நம்பிக்கை எத்தனை காலம் மறைத்துவிடுகிறது என்பது எனக்கு இன்றும் வியப்பாக இருக்கிறது.

டிஎன்ஏ இழையில் ஏ, டி, ஜி, சி என்று குறிக்கப்படும் நான்கு வேதிப்பொருள்கள் வரிசையாகக் கோக்கப்பட்டிருக்கின்றன. இவற்றை எழுத்துகள் என்றே அழைக்கிறார்கள். பெற்றோரில் ஒருவரிடமிருந்து வரும் தொகுப்பில் மட்டும் சுமார் 300 கோடி எழுத்துகள். இழை இரட்டைச் சுருளாக இருப்பதை 1953இல் ஜேம்ஸ் வாட்சனும் பிரான்சிஸ் கிரிக்கும் வெளியிட்டார்கள். அதற்கு அடித்தளமாக இருந்தது ரோசலிண்ட் பிராங்க்ளினின் ஆய்வகத்தில் எடுக்கப்பட்ட எக்ஸ்ரே படம். 1962இல் நோபல் பரிசு அறிவிக்கப்பட்டபோது அவர் உயிரோடு இல்லை. அவருடைய பெயரைச் சேர்த்தே இந்தக் கதையைச் சொல்ல வேண்டும்.

அந்த நீண்ட எழுத்து வரிசையில், ஒரு புரதத்தை உருவாக்கும் குறிப்பைத் தாங்கிய பகுதியை மரபணு என்கிறோம். மனிதரிடம் இப்படிப்பட்டவை சுமார் 20,000 இருக்கின்றன. மொத்த டிஎன்ஏவில் புரதங்களுக்கு நேரடியாகக் குறிப்பு தரும் பகுதி 2 சதவீதத்துக்கும் குறைவு. எஞ்சியதில் ஒரு பகுதி, எந்த மரபணு எந்த உறுப்பில் எப்போது இயங்க வேண்டும் என்பதைக் கட்டுப்படுத்துகிறது. கண்ணின் செல்லிலும் கல்லீரலின் செல்லிலும் இருப்பது ஒரே டிஎன்ஏதான். எவை இயங்குகின்றன, எவை மௌனமாக இருக்கின்றன என்பதில்தான் வேறுபாடு.

புரதம் என்றவுடன் உணவில் உள்ள சத்து என்று மட்டும் நினைத்துவிடக் கூடாது. ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமப்பதும், உணவைச் செரிப்பதும், தோலுக்கு நிறம் தரும் பொருளை உருவாக்குவதும் எல்லாம் புரதங்களின் வேலை. அமினோ அமிலங்கள் ஒன்றன்பின் ஒன்றாகக் கோக்கப்பட்டுப் புரதமாகின்றன. செல் மரபணுவை மூன்று மூன்று எழுத்துகளாகப் படிக்கிறது. ஒவ்வொரு மூன்றெழுத்தும் ஓர் அமினோ அமிலத்தைக் குறிக்கும், அல்லது 'இங்கே நிறுத்து' என்று சொல்லும். இந்த மூன்றெழுத்துக் குறியீட்டை விடுவித்ததில் பங்கு பெற்றதற்காக ஹர் கோவிந்த் குரானா 1968இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டார்.

தொலைந்துபோன ஓர் எழுத்து

இப்போது ரத்தப் பிரிவுக்கு வருவோம். ஏ, பி, ஓ பிரிவுகளை முதலில் இனங்கண்டவர் வியன்னாவில் பணியாற்றிய கார்ல் லாண்ட்ஸ்டெய்னர். ஆண்டு 1901. இவற்றைத் தீர்மானிக்கும் மரபணு 9ஆவது குரோமோசோமில் இருக்கிறது. அது ஒரு நொதியை, அதாவது வேதிவினையை நடத்தித் தரும் புரதத்தை உருவாக்குகிறது. சிவப்பணுவின் மேற்பரப்பில் சிறு சர்க்கரைச் சங்கிலிகள் நீட்டிக்கொண்டிருக்கும். அவற்றின் நுனியில் இன்னொரு சர்க்கரையைப் பொருத்துவதுதான் இந்த நொதியின் வேலை.

இந்த மரபணுவுக்கு மூன்று முக்கிய வடிவங்கள் உண்டு. ஏ வடிவம் ஒரு வகைச் சர்க்கரையைப் பொருத்தும் நொதியைத் தருகிறது. பி வடிவம் தரும் நொதி வேறொரு சர்க்கரையைப் பொருத்துகிறது. ஏ நொதிக்கும் பி நொதிக்கும் 354 அமினோ அமிலங்களில் நான்கே நான்குதான் வேறு. ஓ வடிவம்? அதில் பெரும்பாலும் ஒரே ஓர் எழுத்து, ஒரு ஜி, விடுபட்டிருக்கிறது.

ஒரு எழுத்து போனால் என்ன ஆகிவிடும் என்று தோன்றலாம். 'அவன் நட்ட மரம் பழம் தரும்' என்ற வாக்கியத்தைப் பாருங்கள். எல்லாச் சொற்களும் மூன்றெழுத்து. இதில் மூன்றாம் சொல்லிலுள்ள 'ர'வை மட்டும் எடுத்துவிட்டு, மறுபடியும் மூன்று மூன்றாகவே படியுங்கள்: 'அவன் நட்ட மம்ப ழம்த ரும்'. முதல் இரண்டு சொற்களுக்கு ஒன்றும் ஆகவில்லை. அதற்குப் பின் எல்லாமே குலைந்துவிட்டது. ஓ வடிவத்தில் நடப்பது இதுவேதான். எழுத்து விடுபட்ட இடத்துக்குப் பிறகு செல் தவறான அமினோ அமிலங்களைக் கோக்கிறது. சற்றுத் தூரம் சென்றதும் தற்செயலாக ஒரு 'நிறுத்து' குறி வந்துவிடுகிறது. 354 அமினோ அமிலங்கள் இருக்க வேண்டிய நொதி 117இலேயே நின்றுவிடுகிறது. அந்தத் துண்டால் எந்தச் சர்க்கரையையும் பொருத்த முடியாது. சங்கிலியின் நுனி வெறுமையாக இருக்கும். அந்த வெறுமையைத்தான் ஓ பிரிவு என்கிறோம்.

ஒவ்வொருவரிடமும் இந்த மரபணுவின் இரண்டு பிரதிகள் உண்டு. தாய் தந்தது ஒன்று, தந்தை தந்தது ஒன்று. ஒருவரிடம் ஒரு ஏ, ஒரு ஓ இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். அவருடைய ஓ பிரதி வேலை செய்யாது. ஆனால் ஏ பிரதி தரும் நொதியே சர்க்கரையைப் பொருத்தப் போதும். பரிசோதனையில் அவர் ஏ பிரிவு என்றே வரும். உள்ளே இருக்கும் ஓ வெளியே தெரியாது. இப்படி ஒரே பிரதி இருந்தாலும் வெளிப்படும் பண்பை ஓங்கு பண்பு என்றும், இரண்டு பிரதிகளும் ஒரே வடிவமாக இருந்தால் மட்டுமே வெளிப்படும் பண்பை ஒடுங்கு பண்பு என்றும் பாடநூல்கள் குறிப்பிடுகின்றன. ஏ வடிவம் ஓ வடிவத்தை அடக்கி ஒடுக்கவில்லை என்பதைக் கவனியுங்கள். ஒன்று வேலை செய்கிறது, மற்றது செய்யவில்லை, அவ்வளவே. ஒருவரிடம் ஏயும் பியும் இருந்தால் இரண்டு நொதிகளும் தத்தம் வேலையைச் செய்யும். அவர் ஏபி பிரிவு. ஓங்கு பண்புதான் மக்களிடையே அதிகமாகப் பரவியிருக்கும் என்பதும் தவறான எண்ணம். ஒடுங்கு பண்பான ஓ, உலகின் பெரும்பாலான பகுதிகளில் மிகப் பரவலான பிரிவு.

இனிக் கணக்கு எளிது. தாய் ஏ-ஓ, தந்தை ஏ-ஓ. தாய் தன் இரண்டு பிரதிகளில் ஒன்றைத்தான் கருமுட்டையில் வைப்பார். தந்தையும் ஒன்றைத்தான் விந்தணுவில் வைப்பார். இருவரும் ஓவையே தருவதற்கான வாய்ப்பு, பாதியில் பாதி, அதாவது நான்கில் ஒன்று. அந்தக் குழந்தை ஓ பிரிவு. சந்தேகப்பட எதுவும் இல்லை.

இதிலும் விதிவிலக்கு உண்டு. நொதி சர்க்கரையைப் பொருத்துவதற்கு முதலில் அந்தச் சங்கிலி சரியாக இருக்க வேண்டும் அல்லவா? சங்கிலியை முடித்து வைப்பது 19ஆவது குரோமோசோமில் இருக்கும் வேறொரு மரபணு. அதன் இரண்டு பிரதிகளும் பழுதாக இருப்பவரிடம் ஏ நொதி இருந்தாலும், சர்க்கரையைப் பொருத்த இடமில்லை. வழக்கமான பரிசோதனையில் அவர் ஓ போலத் தெரிவார். ஆனால் தன்னுள் இருக்கும் ஏ வடிவத்தைப் பிள்ளைக்குத் தந்துவிடுவார். பிள்ளை ஏ பிரிவாகப் பிறக்கும். 1952இல் பம்பாயில் முதன்முதலில் கண்டறியப்பட்டதால் இது பம்பாய் ரத்தப் பிரிவு என்ற பெயரைப் பெற்றது. ஒரு மரபணுவின் பலன் இன்னொரு மரபணுவைச் சார்ந்திருக்கிறது என்பதற்கு இதைவிடத் தெளிவான எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை. ரத்தப் பிரிவை மட்டும் வைத்து ஒரு பெண்ணின் மீது பழி சுமத்தக் கூடாது என்பதற்கும் இது காரணம்.

இந்த 'இரண்டு பிரதி, ஒன்றைக் கடத்துதல்' என்ற கணக்கைக் கண்டுபிடித்தவர் கிரெகர் மெண்டல். இன்றைய செக் குடியரசின் பெர்னோ நகரில் மடத்துத் துறவி. 1856 முதல் 1863 வரை பட்டாணிச் செடிகளை வளர்த்து, கலப்புச் செய்து, விதைகளை எண்ணினார். உருண்டை விதையையும் சுருங்கிய விதையையும் கலந்தபோது முதல் தலைமுறையில் எல்லாமே உருண்டை. அவற்றைத் தம்முள் கலந்த அடுத்த தலைமுறையில் 5,474 உருண்டை, 1,850 சுருக்கம். ஏறத்தாழ மூன்றுக்கு ஒன்று. காணாமல் போன சுருக்கம் அழியவில்லை, மறைந்திருந்தது என்று அவர் உணர்ந்தார். டிஎன்ஏ என்றால் என்னவென்று யாருக்கும் தெரியாத காலத்தில் வெறும் எண்ணிக்கையிலிருந்து இதைக் கண்டுபிடித்தார். 1866இல் அச்சான அந்தக் கட்டுரையின் மதிப்பை அறிவியல் உலகம் 1900இல்தான் உணர்ந்தது. அதற்கு 16 ஆண்டுகளுக்கு முன்பே மெண்டல் இறந்துவிட்டார்.

உடன்பிறந்தவர்கள் ஏன் வேறுபடுகிறார்கள்?

கருமுட்டையும் விந்தணுவும் உருவாகும்போது நடக்கும் செல் பிரிதலுக்குக் குன்றல் பகுப்பு என்று பெயர். 23 ஜோடிகளில் ஒவ்வொரு ஜோடியிலிருந்தும் ஒரு குரோமோசோம் மட்டும் புதிய செல்லுக்குப் போகிறது. எது போகும் என்பது தற்செயல். இந்த ஒரு காரணத்தாலேயே ஒருவரிடமிருந்து 83,88,608 வகையான தொகுப்புகள் வெளிவர முடியும். பெற்றோர் இருவரையும் சேர்த்தால் 70 லட்சம் கோடிக்கு மேல்.

அது மட்டுமல்ல. பிரிவதற்கு முன் ஜோடிக் குரோமோசோம்கள் ஒன்றோடொன்று ஒட்டி நின்று, தம் பகுதிகளை மாற்றிக்கொள்கின்றன. உங்கள் தாய் உங்களுக்குத் தந்த குரோமோசோம் பெரும்பாலும் அவருடைய தாயின் துண்டுகளும் தந்தையின் துண்டுகளும் கலந்து புதிதாக உருவானது. அப்படி ஒன்று அதற்கு முன் உலகில் இருந்ததே இல்லை. பாட்டியின் ஜாடை பேத்தியிடம் தெரிவதும் தாத்தாவின் ஜாடை பேரனுக்குக் கொஞ்சமும் வராமல் போவதும் இந்தக் கலப்பினால்தான்.

ஒவ்வொரு பிள்ளைக்கும் தாயிடமிருந்து பாதி, தந்தையிடமிருந்து பாதி என்பது உறுதி. ஆனால் உடன்பிறந்த இருவர் தமக்குள் பகிர்ந்துகொள்வது சராசரியாகத்தான் பாதி. நேரடியாக அளந்து பார்த்த ஆய்வுகளில் சில ஜோடிகளிடம் 40 சதவீதத்துக்கும் குறைவாகவும், சிலரிடம் 60 சதவீதத்துக்கு அருகிலும் இருந்திருக்கிறது. 'உன் அக்காவைப் போல நீ ஏன் இல்லை' என்று கேட்பதற்கு முன் இதை நினைவில் கொள்வது நல்லது.

உட்கருவுக்கு வெளியே, செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்குள்ளும் சிறிதளவு டிஎன்ஏ உண்டு. 37 மரபணுக்கள், 16,569 எழுத்துகள். இது தாயிடமிருந்து மட்டுமே பிள்ளைகளுக்கு வருகிறது.

ஆணா பெண்ணா, எக்ஸின் தனிக்கணக்கு

23 ஜோடிகளில் ஒன்று மட்டும் இருபாலருக்கும் வேறுபடும். பெண்ணுக்கு இரண்டு எக்ஸ். ஆணுக்கு ஓர் எக்ஸ், ஒரு ஒய். தாயின் எல்லாக் கருமுட்டைகளிலும் எக்ஸ்தான் இருக்கும். தந்தையின் விந்தணுக்களில் பாதி எக்ஸ், பாதி ஒய். ஆண் குழந்தை பிறப்பதும் பெண் குழந்தை பிறப்பதும் எந்த விந்தணு சேர்ந்தது என்பதைப் பொறுத்தது. பெண் குழந்தைகளையே பெற்றாள் என்று தாயைக் குற்றம் சாட்டுவதற்கு உயிரியலில் ஓர் அணுவளவும் இடமில்லை. தந்தையையும் குற்றம் சொல்ல முடியாது. எந்த விந்தணு முந்தும் என்பது அவர் கையில் இல்லை.

ஒய் குரோமோசோம் சிறியது. எக்ஸில் இருக்கும் பெரும்பாலான மரபணுக்களுக்கு அதில் மாற்றுப் பிரதி கிடையாது. எனவே ஆணுடைய எக்ஸில் ஒரு மரபணு பழுதானால் ஈடுகட்ட ஆள் இல்லை. சிவப்பையும் பச்சையையும் பிரித்தறிய முடியாத நிறக்குருடு ஆண்களிடம் அதிகமாகக் காணப்படுவது இதனால்தான். வடக்கு ஐரோப்பிய வழிவந்தவர்களில் ஆண்களில் சுமார் 8 சதவீதம், பெண்களில் 0.5 சதவீதம் பேருக்கு அது உண்டு. ரத்தம் எளிதில் உறையாத ஹீமோபிலியாவும் இதே வழியில் வருகிறது. பிரிட்டனின் விக்டோரியா அரசிக்கு அந்த நோய் இல்லை. ஆனால் அவருடைய ஓர் எக்ஸில் அந்தப் பழுது இருந்தது. மகன் லியோபோல்டு அந்நோயால் 1884இல் இறந்தார். மகள்கள் வழியாக அது ஸ்பெயின், ரஷ்ய அரச குடும்பங்களை அடைந்தது. ரஷ்ய இளவரசர் அலெக்சியின் குடும்ப எச்சங்களை 2009இல் ஆராய்ந்தபோது, ரத்தம் உறைய உதவும் ஒன்பதாம் காரணியின் மரபணுவில் பழுது இருந்தது உறுதியானது.

ஒரு நுட்பம்: தந்தை மகனுக்குத் தருவது ஒய்யைத்தான். ஆகவே எக்ஸில் உள்ள பழுது தந்தையிடமிருந்து மகனுக்கு வருவதில்லை. மகள் வழியாகப் பேரனிடம் வெளிப்படலாம். தலைமுறை தாண்டி வருவது என்று மக்கள் கவனித்துச் சொன்னதில் ஒரு பகுதி இதுவே.

நோய்களும் நான்கில் ஒன்றும்

அரிவாள் செல் ரத்தசோகையைப் பார்ப்போம். ரத்தத்தில் ஆக்சிஜனைச் சுமக்கும் புரதமான ஹீமோகுளோபினின் ஓர் அமினோ அமிலச் சங்கிலிக்கான மரபணுவில் ஜி-ஏ-ஜி என்று இருக்க வேண்டிய இடத்தில் ஜி-டி-ஜி. ஓர் எழுத்து மாறியதால் ஆறாவது அமினோ அமிலம் மாறிவிட்டது. ஆக்சிஜன் குறையும்போது இந்த ஹீமோகுளோபின் மூலக்கூறுகள் ஒன்றோடொன்று ஒட்டி இழைகளாகி, வட்டமான சிவப்பணுவை அரிவாள் வடிவத்துக்கு வளைத்துவிடுகின்றன. அவை சிறு ரத்தக்குழாய்களை அடைக்கும்போது வரும் வலி தாங்க முடியாதது.

இரண்டு பிரதிகளும் மாறியிருந்தால்தான் நோய். ஒரு பிரதி மட்டும் மாறியவர் தாங்கி; அவர் பெரும்பாலும் நலமாகவே வாழ்வார். மேலும், கடுமையான மலேரியாவிலிருந்து அவருக்கு ஓரளவு பாதுகாப்பும் உண்டு. மலேரியா வாட்டிய பகுதிகளில் இந்த மரபணு வடிவம் அழியாமல் நிலைத்ததற்கு அதுவே காரணம். நல்ல மரபணு, கெட்ட மரபணு என்று எளிதில் பிரித்துவிட முடியாது என்பதை இது நமக்குக் காட்டுகிறது.

தாங்கிகளான இருவர் மணந்தால் ஒவ்வொரு குழந்தைக்கும் நோய் வரும் வாய்ப்பு நான்கில் ஒன்று. இங்கேதான் பலர் தவறிவிடுகிறார்கள். முதல் குழந்தைக்கு நோய் வந்துவிட்டது, இனி அடுத்த மூன்றுக்கும் வராது என்று நினைக்கிறார்கள். அப்படி இல்லை. ஒவ்வொரு கருவிலும் கணக்கு புதிதாகத் தொடங்குகிறது. இரண்டாவதுக்கும் நான்கில் ஒன்றே, மூன்றாவதுக்கும் நான்கில் ஒன்றே. இந்த ஒரு வரியைப் புரியாமல் போனதால் துயரப்பட்ட குடும்பங்களை நினைத்தே இதை அழுத்திச் சொல்கிறேன்.

நெருங்கிய ரத்த உறவில் மணப்பதன் ஆபத்தும் இதே கணக்கில் அடங்கியது. நம் எல்லோரிடமும் மறைந்திருக்கும் பழுதுகள் சில உண்டு. அந்நியர் இருவரிடம் ஒரே மரபணுவில் பழுது இருப்பது அரிது. ஆனால் உடன்பிறந்தோரின் பிள்ளைகள் சராசரியாக எட்டில் ஒரு பங்கு டிஎன்ஏவையும், மாமனும் உடன்பிறந்தாள் மகளும் நான்கில் ஒரு பங்கையும் பகிர்ந்துகொள்கிறார்கள். ஒரே மூதாதையிடமிருந்து வந்த ஒரே பழுது இருவரிடமும் இருக்கும் வாய்ப்பு கூடுகிறது. அதனால் அப்படிப் பிறக்கும் எல்லாக் குழந்தைகளுக்கும் நோய் வரும் என்று பொருளில்லை. பெரும்பாலான குழந்தைகள் நலமாகவே பிறக்கின்றன. இருந்தாலும் ஆபத்து கூடுகிறது என்பது உண்மை.

ஓங்கு முறையில் வரும் நோய்களும் உண்டு. நரம்புகளைச் சிதைக்கும் ஹன்டிங்டன் நோய்க்கு ஒரு பிரதி பழுதானாலே போதும். பிள்ளைகள் ஒவ்வொருவருக்கும் இரண்டில் ஒன்று வாய்ப்பு. நடுவயதில்தான் அறிகுறிகள் தொடங்குவதால், தெரிவதற்குள் பலர் பிள்ளைகளைப் பெற்றுவிடுகிறார்கள். டவுன் நோய்க்குறியோ வேறு வகை. 21ஆவது குரோமோசோம் இரண்டுக்குப் பதில் மூன்று இருப்பதால் வருவது என்று 1959இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். குரோமோசோம்கள் பிரியும்போது நேரும் பிழையால் வருவதால், பெரும்பாலும் இது பரம்பரையாக வருவதல்ல. மரபணு சார்ந்தது எல்லாம் பரம்பரை நோய் ஆகிவிடாது. ஒவ்வொரு குழந்தையின் டிஎன்ஏவிலும் பெற்றோர் இருவரிடமும் இல்லாத புதிய எழுத்து மாற்றங்கள் சுமார் 60, 70 இருக்கும். அவற்றில் பெரும்பாலானவற்றால் எந்த விளைவும் இல்லை.

ஒரு மரபணு, ஒரு பண்பு என்ற எளிமை

பட்டாணியும் ரத்தப் பிரிவும் பாடத்துக்கு ஏற்றவை. ஆனால் நம்மிடம் உள்ள பண்புகளில் பெரும்பாலானவை அப்படி நடந்துகொள்வதில்லை. நாக்கைக் குழல்போல் மடிக்க முடிவது ஒற்றை ஓங்கு மரபணுவால் என்று பல பாடநூல்கள் எழுதிவிட்டன. 1940இல் அப்படி எழுதியவர் மரபியலாளர் ஆல்பிரட் ஸ்டர்டிவன்ட். 1952லேயே, ஒரே கருவிலிருந்து பிறந்த இரட்டையரில் ஒருவர் மடிக்க, மற்றவரால் முடியாமல் போன ஜோடிகள் கண்டறியப்பட்டன. ஸ்டர்டிவன்டும் பின்னாளில் தன் கருத்தைத் திருத்திக்கொண்டார். பாடநூல்கள் இன்னும் முழுமையாகத் திருந்தவில்லை. காதுமடல் ஒட்டியிருப்பதும் இப்படித்தான். நீலக் கண் பெற்றோருக்குப் பழுப்புக் கண் பிள்ளை பிறக்கவே முடியாது என்பதும் சரியல்ல. கண்ணின் நிறத்தில் பல மரபணுக்களுக்குப் பங்கு உண்டு. இவற்றை வகுப்பில் வைத்துப் 'பெற்றோருக்கு இல்லாதது உனக்கு எப்படி வந்தது' என்று ஒரு குழந்தையைக் குழப்புவது கொடுமை.

உயரத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 54 லட்சம் பேரின் தகவல்களை ஆராய்ந்து 2022இல் வெளியான ஆய்வு, உயரத்தோடு தொடர்புடைய 12,000க்கும் மேற்பட்ட எழுத்து மாற்றங்களைக் கண்டறிந்தது. ஒவ்வொன்றின் பங்கும் மிகச் சிறியது. சில கூட்டும், சில குறைக்கும். அதனால்தான் மனிதர்கள் நெட்டை, குட்டை என்று இரண்டு வகையாக இல்லாமல், இடையில் எல்லா உயரங்களிலும் இருக்கிறார்கள். தோலின் நிறம், ரத்த அழுத்தம், நீரிழிவுக்கான சாய்வு எல்லாம் இப்படிப்பட்டவையே.

உயரத்தில் 80 சதவீதம் மரபு என்று படித்திருப்பீர்கள். உங்கள் உயரத்தில் 80 பங்கு மரபணு, 20 பங்கு சாப்பாடு என்று அதைப் புரிந்துகொள்ளக் கூடாது. ஏறத்தாழ ஒரே வகையான சூழலில் வாழும் மக்களிடையே, ஒருவருக்கொருவர் காணும் உயர வேறுபாட்டில் எவ்வளவு மரபு வேறுபாட்டோடு தொடர்புடையது என்பதே அந்த எண். சூழல் மாறினால் எண்ணும் மாறும். கடந்த நூறாண்டுகளில் பல நாடுகளில் சராசரி உயரம் கூடியது. அவ்வளவு குறுகிய காலத்தில் மரபணுக்கள் மாறிவிடவில்லை. ஊட்டமும் சுகாதாரமும் மேம்பட்டன.

ஒற்றை மரபணு நோயில்கூடச் சூழலுக்கு இடம் உண்டு. பினைல்கீட்டோன்யூரியா என்ற நோயில், பினைல்அலனின் என்ற அமினோ அமிலத்தைச் சிதைக்கும் நொதி வேலை செய்யாது. அது உடலில் தேங்கி மூளை வளர்ச்சியைக் கெடுக்கும். 1934இல் நார்வே மருத்துவர் அஸ்பியோர்ன் ஃபோலிங் இதை இனங்கண்டார். பிறந்த சில நாட்களில் குதிகாலில் எடுக்கும் ஒரு துளி ரத்தத்தைச் சோதித்து இதைக் கண்டுபிடிக்கும் முறையை 1960களின் தொடக்கத்தில் ராபர்ட் கத்ரி உருவாக்கினார். உடனடியாகப் பினைல்அலனின் குறைந்த உணவைத் தொடங்கிவிட்டால் குழந்தை இயல்பாக வளரும். அதே மரபணு, அதே பழுது. உணவு மாறியதும் வாழ்க்கையே மாறிவிடுகிறது.

குடும்ப வரலாற்றை எழுதி வைப்பது

மரபியலை அறிந்துகொள்வதால் உடனே கைமேல் கிடைக்கும் பயன் இதுதான். தாய்வழி, தந்தைவழி இரண்டிலும் மூன்று தலைமுறைக்கு யாருக்கு என்ன நோய், எந்த வயதில் வந்தது என்று குறித்து வையுங்கள். வயது முக்கியம். 75இல் வந்த மாரடைப்பும் 38இல் வந்த மாரடைப்பும் மருத்துவருக்கு ஒன்றல்ல. குழந்தைப் பருவத்தில் இறந்தவர்கள், திரும்பத் திரும்பக் கருச்சிதைவு நேர்ந்தவர்கள், ரத்த உறவில் நடந்த திருமணங்கள் இவற்றையும் சேர்த்துக்கொள்ளுங்கள். வெட்கப்பட்டு மறைத்தவையே பெரும்பாலும் தேவைப்படும் தகவலாக இருக்கும்.

ஒடுங்கு நோய் ஒன்று குடும்பத்தில் இருந்தால், குழந்தை பெற நினைப்பதற்கு முன்பே மரபியல் ஆலோசகரைப் பார்ப்பது நல்லது. பொதுவாக முதலில் ஒருவரைச் சோதிப்பார்கள். அவர் தாங்கி என்றால் துணையையும் சோதிப்பார்கள். அரிவாள் செல்லைப் பொறுத்தவரை துணையிடம் அதே மாற்றம் இருக்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதாது. ஹீமோகுளோபின் போதிய அளவு உருவாகாத பீட்டா தலசீமியா என்ற நோயின் தாங்கியாக அவர் இருந்தாலும் குழந்தைக்குக் கடுமையான நோய் வரலாம். எனவே ஹீமோகுளோபினின் எல்லா வகைகளையும் பிரித்துக் காட்டும் சோதனையைக் கேட்டுச் செய்துகொள்ள வேண்டும்.